வளவில் பெரும்புல்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளியில் எங்கள் வளவின் தெற்கு வேலியோரம் 40 அடி நீளத்துக்கு வெட்டிவேர் நிற்கிறது. ஆள் உயரம் இருக்கும். காற்றடித்தால் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழும்பும். தெருவால் போகிறவர்கள் கேற்றடியில் நின்று, "இது என்ன புல், எங்களுக்கும் கொஞ்சம் தருவீங்களா?" என்று கேட்பார்கள். கொடுப்பதற்கு முன் நான் நாலு கேள்வி கேட்பேன். அவர்கள் திருப்பிப் பத்துக் கேட்பார்கள். அப்படிச் சேர்ந்தவைதான் கீழே இருக்கின்றன. நான் விவசாயம் படித்த ஆள் இல்லை. 15 வருடமாகப் புல் வளர்த்து, அதில் ஒரு தடவை நன்றாக அடிபட்ட ஆள்.

பெரும்புல் என்று எதைச் சொல்கிறீர்கள்? மூங்கிலும் புல்தானே?

மூங்கிலும் புல்தான். நெல்லும் கரும்பும் சோளனும்கூட. நம் பழைய இலக்கணக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வைரம், அதாவது தண்டின் கடினமான பகுதி, வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று பிரித்தார்கள். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல்லாகிவிடும்! அவ்வளவு தூரம் நாம் போகவேண்டாம். இங்கே பேசுவது அழகுக்காக வீட்டில் வைக்கும் புற்களைப் பற்றி. 3 அடியிலிருந்து 10 அடி வரை உயர்ந்து, ஒரே பற்றையாகத் தடித்து நிற்பவை. மூங்கிலுக்கு வேறு கணக்கு. 6 பேர்ச் சின்னக் காணிக்குள் அதை நினைக்கவே வேண்டாம்.

கலியாண மண்டப அலங்காரத்தில் வைக்கிறார்களே, வெள்ளைக் குஞ்சப் புல், பம்பாஸ் என்று. அதை நடலாமா?

வேண்டாம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பம்பாஸ் தென்னமெரிக்கப் புல். ஆர்ஜென்டீனா, உருகுவே, தென் பிரேசில் பக்கம் அதன் பிறப்பிடம். அங்குள்ள புல்வெளிகளின் பெயர்தான் அதற்கும் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய், அங்கிருந்து உலகம் சுற்றியது. பூத்தண்டு 10 அடி வரை எழும்பும். அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வில்லங்கம் அந்தக் குஞ்சத்துக்குள் இருக்கிறது. ஒரு குஞ்சத்தில் 1 இலட்சம் விதை வரை இருக்கலாம். ஒவ்வொன்றும் இலவம்பஞ்சு மாதிரி காற்றில் ஏறிப் பல கிலோமீற்றர் போகும். கலிபோர்னியாவிலும் ஸ்பெயினின் வடகரையிலும் இதைப் பிடுங்குவதே ஒரு வேலையாகிவிட்டது. தென்னாபிரிக்காவில் சுரங்க மண்மேடுகள் கரையாமல் இருக்க என்று நட்டார்கள். இப்போது அங்கேயும் அது களை. நியூசிலாந்தில் விற்பதற்கே தடை. இலை ஓரம் வேறு பனங்கருக்கு போல அறுக்கும்.

நம் ஊர்க் காற்றையும் யோசியுங்கள். மாரியில் அடிக்கும் வாடைக்காற்று கடலிலிருந்து உள்நாட்டுக்குப் போகிற காற்று. மார்கழியில் உப்புவெளியில் ஒரு குஞ்சம் வெடித்தால் விதை போகிற திசை தம்பலகாமத்து வயல்வெளி. அந்தச் சோதனையை யாரும் செய்து பார்க்க வேண்டியதில்லை.

மண்டப அலங்காரத்துக்கு வாங்கிய காய்ந்த குஞ்சம் வீட்டில் கிடக்கிறது. அதுவும் ஆபத்தா?

கொத்துக்குள் முளைக்கக்கூடிய விதை இருக்கவும் கூடும், இல்லாமலும் போகலாம். பார்த்துச் சொல்ல முடியாது. சாடியில் வைத்துப் பார்ப்பதில் பிரச்சினை இல்லை. எறியும்போது வளவுக் குப்பைக் குழியிலோ கானிலோ போடாமல், பையில் இறுக்கிக் கட்டிக் குப்பை எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். துணியில் செய்த குஞ்சமும் கடையில் இருக்கிறது. தூரத்தில் வித்தியாசமே தெரியாது.

ஒரு வீட்டில் ஒரே ஒரு பற்றை வைத்தால் என்ன வந்துவிடப் போகிறது?

இதையேதான் நானும் கேட்டேன். 2013இல் ஒரு பூக்கன்றுக் கடையில் "அலங்காரப் புல்" என்று மட்டும் சொல்லி 3 கன்று தந்தார்கள். நானும் பெயர் கேட்கவில்லை. நரிவால் மாதிரி, ஊதா கலந்த வெள்ளைக் கதிர். முதல் வருடம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். இரண்டாம் வருடம் கிரவல் போட்ட நடைபாதையில் முளைத்தது. மூன்றாம் வருடம் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, உங்கட புல் எங்கட கானுக்குள்ளயும் வந்திட்டுது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. அதை முழுதாக ஒழிக்க 4 மாரி எடுத்தது.

அது நீரூற்றுப் புல் என்று பிறகுதான் தெரிந்தது. ஆபிரிக்காவைச் சேர்ந்தது. மகரந்தம் சேராமலே விதை வைக்கும். ஒரு பற்றை போதும். ஹவாய்த் தீவுகளில் எரிமலைக் குழம்பு இறுகிய வெறும் பாறையில்கூட முளைத்து, காட்டுத்தீக்கு விறகாக நிற்பது இதே புல்தான்.

நம் நாட்டிலேயே பழைய கதைகள் இருக்கின்றன. நாயுண்ணியை 1826இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுச் செடியாகக் கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத தரிசுக் காணியைக் காட்டுங்கள் பார்ப்போம். ஆகாயத்தாமரை குளத்து அலங்காரமாக வந்தது. வந்து சில வருடத்திலேயே, 1909இல், அதை ஒழிப்பதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. கினிப் புல் ஆபிரிக்காவிலிருந்து மாட்டுத் தீனியாக வந்தது. இப்போது கந்தளாய் வீதியில் இரண்டு பக்கமும் ஆள் மறையும் உயரத்துக்கு நிற்கிறது. யானைக்குக் கொண்டாட்டம். மற்ற யாருக்கும் இல்லை.

அப்போ எதைத்தான் நடலாம்?

ஒரு புல்லைக் கண்டதும் நான் கேட்பது ஒன்றுதான்: இது எப்படிப் பரவும்? விதையாலா, மண்ணுக்குக் கீழ் ஓடும் தண்டாலா, அல்லது என் கையாலா? கையால் மட்டும் பரவுவதை நடுகிறேன். மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

இந்தக் கணக்கில் முதல் இடம் வெட்டிவேருக்கு. இந்தியத் துணைக்கண்டத்துப் புல். தண்ணீர்ப் பானைக்குள் போடுகிறோமே, அந்த வேரின் தாய்ச் செடி. 5, 6 அடி உயரும். பற்றை இருந்த இடத்திலேயே தடிக்கும், ஓடாது. வேர் பக்கவாட்டில் போகாமல் நேரே கீழே இறங்கும். நல்ல மண்ணில் 10 அடிக்கும் கீழே போகும். அதனால்தான் 1980களிலிருந்து மண்ணரிப்பைத் தடுக்க உலகம் முழுவதும் இதை வரப்பு வரப்பாக நட்டார்கள். உவர்மலைப் பக்கம் சரிவில் வீடு கட்டியவர்கள் முதலில் யோசிக்க வேண்டிய செடி இதுதான். மழை வெள்ளம் சிவப்பாக ஓடும் சரிவுக்குக் குறுக்கே ஒரு வரிசை நட்டால், மண் வேலிக்குப் பின்னால் தானாகப் படிந்து மட்டமாகும்.

இரண்டாவது எலுமிச்சைப் புல். 3, 4 அடி உயரம், நீலம் கலந்த பச்சை, வீட்டில் வளர்க்கும் வகை பூப்பதே அபூர்வம். அழகுக்கு வைத்ததைத் தேநீரிலும் போடலாம், மீன்குழம்பிலும் போடலாம். ஆனால் இதைப் போலவே இருக்கும் சிற்றனெல்லாப் புல் பூக்கும். ஓர் இலையைக் கசக்கி மணந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒன்றில் தேசிக்காய் மணக்கும், மற்றதில் நுளம்பெண்ணெய் மணக்கும்.

மூன்றாவது, கொஞ்சம் தயக்கத்தோடு, கருஞ்சிவப்பு இலை உள்ள நீரூற்றுப் புல். இது ஒரு கலப்பு வகை, பெரும்பாலும் மலடு. எனக்குத் தலையிடி தந்தது பச்சை இலை வகை. இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள் என்பதுதான் தயக்கம். இலை சிவப்பாக இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

நாணலைப் பற்றியும் கேட்பார்கள். புரட்டாதியில் வெள்ளையாகப் பூத்து நிற்கும்போது எனக்கும் ஆசைதான். ஆனால் அது ஆற்றங்கரைக்காரன். மண்ணுக்கடியில் தண்டு ஓட்டி, காற்றில் விதையும் விடும். பனாமாக் கால்வாய்ப் பக்கம் காடு வெட்டிய நிலத்தைப் பிடித்துக்கொண்டு, மரம் முளைக்க விடாமல் வைத்திருப்பது நம்முடைய இந்த நாணல்தான். அதாவது நாமும் ஏற்றுமதி செய்திருக்கிறோம்.

வெட்டிவேரும் பூக்கிறதே. அதன் விதை பரவாதா?

பூக்கும். ஊதா கலந்த மண்ணிறக் கதிர். தென்னிந்தியாவிலும் இங்கும் வேருக்காக வளர்த்து வந்த வகை முளைக்கிற விதை வைப்பதில்லை. வட இந்தியாவில் காட்டு வகை ஒன்று இருக்கிறது. அது விதையால் பரவும். ஆகவே விதைப் பக்கற்றாக வெட்டிவேர் விற்றால் தொடவே தொடாதீர்கள். பக்கத்தில் யாருடைய வளவிலோ வருடக்கணக்காக ஒழுங்காக நிற்கும் பற்றையிலிருந்து பிரித்து எடுங்கள். சந்தேகம் இருந்தால் கதிர் வந்தவுடன் வெட்டிவிடலாம். நான் முதல் 3 வருடமும் அப்படித்தான் செய்தேன். நாலாம் வருடம் விட்டுப் பார்த்தேன், ஒரு நாற்றும் வரவில்லை.

எப்போது நடுவது? எப்படி?

ஐப்பசியில், முதல் நல்ல மழை விழுந்து மண் ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்த பிறகு. இது ஒன்றைச் சரியாகச் செய்தால் மிச்சமெல்லாம் லேசு. நமக்கு மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. அதற்குள் வேர் இறங்கிவிட்டால், வைகாசியில் கச்சான் காற்று தொடங்கும்போது செடி தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். தை பிறந்த பிறகு நட்டால் அந்த முதல் கோடை முழுக்க நீங்கள் வாளியும் கையுமாக நிற்க வேண்டும். சித்திரையில் நடுகிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதில்லை. அடுத்த ஐப்பசியில் அவர்களே திரும்பி வருவார்கள்.

பழைய பற்றையை அலவாங்கால் கிளப்பி, 2 அல்லது 3 தண்டு சேர்ந்த துண்டுகளாகப் பிரியுங்கள். இலையை 8 அங்குலம் விட்டு வெட்டுங்கள். வேரையும் 2 அங்குலம் விட்டு நறுக்கலாம். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் புது வேர் அப்போதுதான் வேகமாக வரும். வேலி போல அடர்த்தியாக வேண்டுமென்றால் 5, 6 அங்குலத்துக்கு ஒன்று. தனித்தனிப் பற்றையாக அழகுக்கு வேண்டுமென்றால் 4 அடி இடைவெளி. நடும்போது 4 அடி அகலமான வெறுமையாகத் தெரியும், இடையில் இன்னொன்றைச் செருகச் சொல்லும். செருகாதீர்கள்.

உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் சுத்த மணல். குழிக்குள் 2 தாச்சி மக்கிய மாட்டெரு போட்டால் போதும். பாலையூற்று, கன்னியாப் பக்கத்துச் செம்மண்ணுக்கு அதுவும் தேவையில்லை. பிறகு உரம் வேண்டாம். உரம் கூடினால் இலை மட்டும் கொழுத்து, சாய்ந்து விழும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். உப்புக் காற்றும் படும். தாங்குமா?

வெட்டிவேர் தாங்கும். நுனி கொஞ்சம் கருகும், அவ்வளவுதான். எலுமிச்சைப் புல் அவ்வளவு தாங்காது. அதை வீட்டுக்கு மறைவாக, குழாய்த் தண்ணீர் எட்டும் இடத்தில் வையுங்கள். இளங்கன்றுக்கு முதல் 2 மாதம் உவர்த் தண்ணீர் விடாமல் பார்த்தால் நல்லது.

எங்கள் வீடு கடற்கரையோடு. வாசலுக்கு முன்னால் முள்ளுப் புல் மண்டிக் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு அழகாக ஏதும் வைக்கலாமா?

இலை விறைப்பாக, நுனி ஊசி மாதிரிக் குத்துகிறதா? பந்து போன்ற காய்க்கொத்து உருண்டு திரிகிறதா? அப்படியென்றால் அது இராவணன் மீசை. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அது அந்த இடத்துக்கே உரிய புல். அடம்பன் கொடியும் அதுவும் சேர்ந்துதான் மணல்மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. மேடு போனால் அடுத்த பெருங்கடலடிக்கு உங்கள் மதில்தான் முன்வரிசை. காற்றுக்காலத்தில் அந்தப் பந்துகள் மணலில் ஒன்றையொன்று துரத்தி ஓடுவதைப் பார்க்க எந்தப் பூங்காவுக்கும் காசு கட்டத் தேவையில்லை. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவும் இருக்கிறது, கரையில் அவன் மீசையும் இருக்கிறது. இரண்டையும் நாம் உண்டாக்கவில்லை. நடந்துபோக 3 அடி வழி மட்டும் விலக்கி எடுங்கள்.

கிணறு, மலசலகூடக் குழி, மதில் இவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்?

வெட்டிவேர் மதிலைத் தள்ளாது, குழாயைத் தேடிப் போகாது. ஆனாலும் பற்றை தடிக்கும், குனிந்து வெட்ட ஆளுக்கு இடம் வேண்டும். மதிலிலிருந்து 3 அடி, கிணற்றுக்கட்டிலிருந்தும் குழி மூடியிலிருந்தும் 6 அடி விட்டால் நிம்மதி. பக்கத்து வளவின் எல்லையில் நடுவதென்றால் முதலில் அவர்களிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். இலை அந்தப் பக்கமும் சாயும். பிள்ளைகள் விளையாடும் மூலையிலும் ஒற்றையடிப்பாதை ஓரத்திலும் வேண்டாம். பெரும்புல் எதுவானாலும் இலை ஓரம் கையைக் கிழிக்கும். வெட்டும்போது நீங்களும் முழுக்கைச் சட்டை போடுங்கள்.

எப்போது வெட்டுவது? வெட்டாமல் விட்டால் என்ன?

வெட்டாமல் விட்டால் நடுவில் காய்ந்த இலை சேர்ந்துகொண்டே போகும். வைகாசி தொடங்கி ஆவணி வரை நம் ஊரில் கச்சான் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும்: மேற்கிலிருந்து, சூடாக, ஈரமே இல்லாமல். அந்த நேரத்தில் காய்ந்த புல் பற்றையும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் ஒன்றுதான். பக்கத்துக் காணியில் யாரோ குப்பை கொளுத்துவார்கள், ஒரு பொறி போதும்.

இதை நான் பெருப்பித்துச் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் ஹவாயில் லஹைனா என்ற கடற்கரைப் பட்டினம் ஒரே நாளில் எரிந்து, 100 பேருக்கு மேல் இறந்தார்கள். கைவிடப்பட்ட தோட்டக் காணிகளில் மண்டிக் கிடந்த அந்நியப் புற்கள் தீயை ஊருக்குள் கொண்டுவந்தன. அவற்றில் ஒன்று நம் வீதியோரத்தில் நிற்கிற அதே கினிப் புல்.

ஆகவே சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு, கச்சானுக்கு முன், ஒரு பெரிய வெட்டு. முழங்கால் உயரத்துக்கு மேல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உள்ளே செத்த இலைகளைக் கையால் வாரி எடுங்கள். அடுத்தது புரட்டாதிக் கடைசியில், மழைக்கு முன் ஒரு சின்ன வெட்டு. அடை மழையில் வெட்டவேண்டாம். வெட்டுவாயில் தண்ணீர் நின்று நடு அழுகும். வீட்டுச் சுவருக்கும் பற்றைக்கும் இடையில் 10 அடி, விறகு அடுப்புக் கொட்டில் இருந்தால் இன்னும் கூட.

வெட்டிய புல்லை எரிக்கலாமா?

எதற்கு? தென்னை அடியில் ஒரு சாண் தடிப்புக்குப் பரப்பினால் மணலில் ஈரம் நிற்கும். வெட்டிவேர் இலை மெதுவாகத்தான் மக்கும், மூடுபடைக்கு அதுவே நல்லது. இளம் இலையை ஆடு மாடு தின்னும். கதிர் விட்ட அந்நியப் புல்லாக இருந்தால் மட்டும் மூடுபடையாகவும் போடக்கூடாது, குப்பைக் குழியிலும் போடக்கூடாது. கதிரைத் தனியாக நறுக்கி, கறுத்தப் பொலித்தீன் பையில் கட்டி, ஒரு மாதம் சுடு வெயிலில் வைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

பற்றைக்குள் பாம்பு குடிவருமா? வெட்டிவேர் பாம்பை விரட்டும் என்கிறார்களே?

விரட்டாது. அப்படி நம்பிக் கையை விடாதீர்கள். எலி இருந்தால் பாம்பு வரும். கோழித் தீனி சிந்திக் கிடந்தால் எலி வரும். அடியைத் துப்பரவாக, ஓர் அடி உயரத்துக்கு வெளிச்சம் தெரியும்படி வைத்திருந்தால் புடையனுக்கு அங்கே சுகம் இருக்காது. வெட்டத் தொடங்குமுன் நீளத் தடியால் நாலு தட்டுத் தட்டுங்கள்.

மான் தின்றுவிடாதா? கட்டாக்காலி மாடு?

கோட்டைப் பக்கமும் நகரத்துக் கடற்கரைப் பக்கமும் இருப்பவர்களுக்கு இது உண்மையான கேள்வி. அங்கே திரியும் புள்ளிமான்கள் புதுத் தளிரை மேயும். முதல் 6 மாதம் சுற்றி அடைத்து வையுங்கள். மீன்வலைத் துண்டு மட்டும் வேண்டாம், கொம்பு சிக்கிவிடும். கம்பும் கிடுகும் போதும். வெட்டிவேர் முற்றிய பிறகு மானும் மாடும் அதில் பெரிய ஆர்வம் காட்டுவதில்லை.

வளவே இல்லை, மாடி வீடு. சாடியில் வைக்கலாமா?

எலுமிச்சைப் புல் வைக்கலாம். 15 அங்குலச் சாடிக்குக் குறையாமல் எடுங்கள். 2 வருடத்துக்கு ஒரு தடவை பிரிக்காவிட்டால் வேர் சாடியை உடைக்கும். ஒன்றே ஒன்று கவனம்: சாடிக்குக் கீழே தட்டு வைத்தால் அதில் தண்ணீர் நிற்கும், நுளம்பு முட்டையிடும். 2017இல் கிண்ணியா டெங்குவால் பட்ட பாடு நினைவிருக்கும்தானே. தட்டை எடுத்துவிட்டுக் கல்லின் மேல் சாடியை வைத்தால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தாலும் பயமில்லை.

கனடாவிலிருந்து தங்கச்சி வருகிறா. நல்ல புல் விதை கொண்டுவரச் சொல்லலாமா?

சொக்லேற் கொண்டுவரச் சொல்லுங்கள். அனுமதியில்லாமல் விதையோ கன்றோ கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறு. முறைப்படி கொண்டுவர வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி எடுத்து, கட்டுநாயக்கவில் உள்ள தாவரத் தனிமைப்படுத்தல் சேவையின் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். தபாலில் வரும் சின்னப் பக்கற்றுக்கும் இதே விதிதான்.

கோயில் தேவைக்குத் தர்ப்பை வளர்க்க ஆசை. அதுவும் புல்தானே?

நல்ல ஆசை. ஆனால் இங்கே தர்ப்பை என்று பெரும்பாலும் எடுப்பது இலுக்குப் புல்லை. உலகத்தின் பொல்லாத களைகளில் அதற்கு முன்வரிசை இடம். ஊசி போன்ற அடித்தண்டு மரவள்ளிக் கிழங்கையே துளைத்துக்கொண்டு போகும். ஒரு துண்டு மண்ணில் மிஞ்சினாலும் திரும்ப எழும்பும். எரித்தால் இன்னும் உற்சாகமாக வரும். நிலத்தில் நடவே வேண்டாம். பாதியாக வெட்டிய பிளாஸ்ரிக் பரலில் வளர்த்து, பரலைச் சீமெந்துத் தரையில் வையுங்கள். மண்ணில் வைத்தால் அடித்துளையால் இறங்கிவிடும். வெள்ளைக் கதிர் வந்ததும் வெட்டுங்கள். ஒரு குடும்பத்தின் அமாவாசைத் தேவைக்கு ஒரு பரல் தாராளம்.

வளவுக்குள் கினிப் புல் ஏற்கனவே வந்துவிட்டது. எப்படி ஒழிப்பது?

பொறுமையாக. மாரியில் மண் இளகியிருக்கும்போது அலவாங்கை அடியில் செருகி, கொண்டையோடு கிளப்புங்கள். மேலால் வெட்டினால் முடி வெட்டியது போலத்தான். கதிர் தலைகாட்டியிருந்தால் முதலில் கதிரைப் பைக்குள் வெட்டி எடுத்துவிட்டு அப்புறம் கிளப்புங்கள். கிளப்பிய கொண்டையைத் தலைகீழாக மதிலில் போட்டால் 2 வாரத்தில் காய்ந்துவிடும். வெறும் மண்ணை அப்படியே விட்டால் விழுந்து கிடக்கும் விதை எல்லாம் ஒன்றாக முளைக்கும். உடனே மூடுபடை போடுங்கள் அல்லது வத்தாளைக் கொடியைப் படர விடுங்கள். 3 மாரிக்குத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிவரும்.

களைநாசினியைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. கடலோர மணலில் எங்கள் கிணறுகள் 10, 15 அடிதான். மேலே ஊற்றுவது எங்கே போகும்? நான் அடிப்பதில்லை. பெரிய காணியாக இருந்தால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சரி, உங்கள் வெட்டிவேரில் கொஞ்சம் தருவீர்களா?

தருவேன். ஐப்பசியில், முதல் நல்ல மழைக்குப் பிறகு வாருங்கள், அப்போதுதான் பிரிப்பேன். ஓர் உரப்பையும் ஈரச் சாக்கும் கொண்டுவந்தால் போதும். சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் 3, 4 நாள் தாங்கும். எங்கே நடப்போகிறீர்கள், வேலியோரமா சரிவா, ஏப்ரலில் வெட்ட ஆள் இருக்கிறதா என்று கேட்பேன், கோபிக்கக் கூடாது. போன வருடம் சாம்பல்தீவிலிருந்து வந்தவருக்கு 30 துண்டு கொடுத்தேன். பக்கத்து வீட்டு மாமிக்கும் 10 துண்டு போனது. அவர் கானோரமாகவே நட்டிருக்கிறார்.